கட்டங்களுக்குள் அடங்காத கதைகள்: எபிரேயத் திருநூல்களின் எதிர்நிரல் அமைப்புப் பற்றிய ஒரு மறுப்புரை

எபிரேயத் திருநூல்களை இலக்கியமாகப் பயிலும் முயற்சி கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திலே பெரிதும் வளர்ச்சியடைந்துள்ளது. சமயக் கோட்பாடுகளுக்குச் சான்று தேடும் இடமாகவோ, பழங்கால வரலாற்றுக்குத் தகவல் திரட்டும் இடமாகவோ மட்டும் கருதப்பட்டு வந்த அந்நூல்களை, கலைத்திறனோடு சொல்லப்பட்ட கதைகளாக நோக்குதல் வரவேற்கத்தக்கதே. ஆயின் அவ்வளர்ச்சியோடு உடன்வளர்ந்துள்ள பழக்கமொன்று கண்டனத்துக்குரியது. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் அதன் முதற்பகுதி இறுதிப் பகுதியோடும், இரண்டாம் பகுதி ஈற்றயற் பகுதியோடும் ஒத்து நிற்க, நடுவிலே ஒரு ‘மையம்’ அமைகின்றது என வரைபடம் வரைந்து காட்டுவதும், அவ்வரைபடத்தையே கதையின் பொருளாகக் கொள்வதும், அதனையே கதை முழுவதும் ஒருவர் கையால் எழுதப்பட்டது என்பதற்குச் சான்றாக்குவதுமே அப்பழக்கம்.

இவ்வமைப்பினை மேனாட்டறிஞர், குறுக்கே வெட்டிச் செல்லும் இரு கோடுகளாலான ‘கை’ என்னும் கிரேக்க எழுத்தின் பெயரைத் தழுவிக் ‘கயாஸ்மஸ்’ என வழங்குவர். அ, ஆ, இ என முன்சென்ற உறுப்புகள் இ, ஆ, அ எனப் பின்னோக்கி மீள்வது இதன் இயல்பு. கண்ணாடியில் விழும் பிம்பம் இதற்கு உவமையாகக் கூறப்படும். நன்னூல் கூறும் எதிர் நிரல்நிறையை அறிந்த தமிழ் மாணவருக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. எதிர் நிரல்நிறை செய்யுளொன்றின் சொற்களைப் பொருளோடு பொருத்திக் கொள்ளும் முறை. இங்கு பேசப்படுவதோ, ஒற்றை வாக்கியம் முதல் பல அதிகாரங்கள் நீளும் கதைத்தொடர் வரை பரவிக் கிடப்பதாகக் கூறப்படும் கட்டமைப்பு. வசதி கருதி இதனை எதிர்நிரல் அமைப்பு என்போம்.

எதிர்நிரல் அமைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது எமது வாதமன்று. அது உண்டு, சில இடங்களில் மறுக்கவியலாத தெளிவோடு உண்டு. அதனை நூலின் சொற்களைக் கொண்டு நிறுவவேண்டுமேயன்றி ஆய்வாளர் தாமே சூட்டும் தலைப்புகளைக் கொண்டு நிறுவுதல் ஆகாது என்பதும், நிறுவப்பட்ட இடத்திலும் அது ஆசிரியர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடையளிக்காது என்பதும், அமைப்பு நிறைவுறும் இடத்தைப் போலவே அது உடையும் இடத்தையும் கற்கத் தவறுவோர் கதையையே தவறவிடுகின்றனர் என்பதுமே இங்கு வலியுறுத்தப்படுவன.

1

இவ்வாய்வின் வரலாற்றில் 1753ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே, ரொபேட் லோத் ஒக்ஸ்போர்ட்டில் நிகழ்த்திய விரிவுரைகள் இலத்தீன் மொழியில் நூலுருப் பெற்றன. எபிரேயச் செய்யுளின் அடிகள் ஒன்றுக்கொன்று இணையாக இயங்குமாற்றை அந்நூல் முறைப்படுத்தி விளக்கியது. அதே ஆண்டிலே பிரெஞ்சு மருத்துவரான ஜோன் அஸ்ற்றுக் தம் பெயரைக் குறிப்பிடாது வெளியிட்ட நூல், ஆதியாகமத்தில் இறைவனுக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்களை ஆதாரமாகக் கொண்டு அதன் மூல ஆவணங்களைப் பிரித்தறிய முற்பட்டது. ஒன்று பகுதிகளின் இணைவை ஆராய்ந்தது. மற்றது பகுதிகளின் வேறுபாட்டை ஆராய்ந்தது. இரு நெறிகளும் ஒரே ஆண்டில் அச்சேறியமை தற்செயலாயினும், பின்வந்த இரு நூற்றாண்டுகளின் பூசலை அது முன்னறிவிப்பது போலுள்ளது.

அஸ்ற்றுக்கின் வழி 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியிலே விரிவடைந்து, 1878இல் யூலியஸ் வெல்ஹவுசன் வெளியிட்ட நூலிலே உச்சநிலையை எய்தியது. லோத்தின் வழியில் வந்த ஜோன் ஜெப், 1820இல் எழுதிய நூலில் எதிர்நிரலாக மீளும் செய்யுளமைப்பைத் தனியே எடுத்துப் பேசினார். 1942இல் நில்ஸ் லுண்ட் இதனைப் புதிய ஏற்பாட்டுக்கு விரித்தார். 1970களிலேயே கதைகளின்மீது இவ்வாய்வு பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது எனலாம். பொக்கெல்மன் ஆதியாகமக் கதைக்கலை பற்றியும், மைக்கல் பிஷ்பேன் யாக்கோபு கதைத்தொடர் பற்றியும் 1975இல் எழுதினர். கோர்டன் வென்ஹம் வெள்ளக் கதை பற்றி 1978இல் எழுதினார். 1986இல் ஹரி ரென்ட்ஸ்பேர்க் ஆதியாகமம் முழுவதற்குமே இத்தகைய அமைப்பைக் காட்ட முனைந்தார். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 2007இல் வெளியிட்ட நூல், வட்டமாகச் சென்று மீளும் இவ்வமைப்பை உலகின் பல பண்பாடுகளுக்கும் உரியதாகக் கண்டது.

நூலைத் துண்டு துண்டாக்குவதிலேயே நிறைவு கண்ட ஒரு மரபுக்கு எதிர்வினையாகவே இவ்வாய்வுகள் எழுந்தன. அவ்வளவில் அவற்றுக்கு நியாயம் உண்டு. எதிர்வினை ஒன்று நெறியாக மாறும்பொழுது அந்நெறிக்குரிய கட்டுப்பாடுகள் யாவை என்று கேட்பது எமது கடமையாகின்றது.

2

முதலிலே ஐயத்துக்கிடமற்ற சான்றுகளை நோக்குவோம். ஆதியாகமம் 9:6இல் கொலைக்குரிய தண்டனையைக் கூறும் கூற்று எபிரேயத்திலே ஆறு சொற்களால் ஆனது. சிந்துதல், குருதி, மனிதன் என்னும் கருத்துகளைத் தரும் மூன்று சொற்கள் முன்சென்று, மனிதன், குருதி, சிந்துதல் என அதே சொற்களின் வேறு வடிவங்கள் மீள்கின்றன. குற்றமும் தண்டனையும் ஒன்றையொன்று அளந்து நிற்கும் நீதியைச் சொல்வரிசையே புலப்படுத்துகின்றது. இங்கு ஆய்வாளர் சேர்த்தது எதுவுமில்லை.

பாபேல் கோபுரக் கதை (11:1–9) மற்றொரு சான்று. ஒன்பது வசனங்களே கொண்ட இக்கதை ‘பூமி முழுவதும்’ என்ற தொடரோடு தொடங்கி அத்தொடரோடு முடிகின்றது. முற்பாதியிலே மக்கள் ஒருவரையொருவர் ‘வாருங்கள்’ என அழைத்துக் கட்டத் தொடங்குகின்றனர். பிற்பாதியிலே அதே விளிச்சொல்லைக் கூறி இறைவன் அவர்தம் மொழியைத் தாறுமாறாக்கத் துணிகின்றார். இடையிலே இறைவன் நகரத்தைக் காண இறங்கி வருதல் அமைகின்றது. ‘செங்கல் அறுப்போம்’ என மக்கள் கூறும் சொல்லின் வேரெழுத்துகள் ல், ப், ந் என்பன; ‘தாறுமாறாக்குவோம்’ என இறைவன் கூறும் சொல்லிலே அதே ஒலிகள் ந், ப், ல் எனத் தலைகீழாய் ஒலிக்கின்றன. கட்டியது கலைவதைக் காதாலேயே கேட்கிறோம். இதனைப் பொக்கெல்மன் போன்றோர் எடுத்துக்காட்டியமைக்கு நாம் நன்றி பாராட்டவேண்டும்.

இவ்விரு சான்றுகளுக்கும் பொதுவான இயல்புகளை மனங்கொள்ள வேண்டும். பகுதி சிறியது; மீள்வது சொல் அல்லது ஒலி; வரிசை உண்மையாகவே தலைகீழாகின்றது; அத்தலைகீழ் மாற்றம் கூறப்படும் பொருளோடு இசைகின்றது. இவ்வியல்புகள் ஒவ்வொன்றாய் நழுவும்போது சான்றின் வலிமையும் நழுவுகின்றது.

3

வெள்ளக் கதை இதற்கு ஏற்ற உரைகல்லாகும். இக்கதையின் நாட்கணக்குகள் 7, 7, 40, 150 என ஏறி, 150, 40, 7, 7 என இறங்குகின்றன எனவும், நடுவில் இறைவன் நோவாவை நினைவுகூர்ந்தமை (8:1) நிற்கின்றது எனவும் வென்ஹம் காட்டினார். முதற்பார்வையில் வியப்பூட்டும் ஒழுங்கு இது. ஆயின் வசனங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டுவோர்க்கு வியப்புக் குறையும். முதல் இரண்டு ஏழுகளும் ஒரே ஏழு நாட்களே: 7:4இல் முன்னறிவிக்கப்பட்டவை 7:10இல் நிறைவேறுகின்றன. நூற்றைம்பது நாட்களும் ஒரே காலப்பகுதி இருமுறை சுட்டப்படுவதே. நாற்பது நாள் என்ற கணக்கு முற்பாதியில் 7:4, 7:12, 7:17 என மூன்று இடங்களில் வருகின்றது. வரைபடத்திலோ ஒன்றற்கே இடமுண்டு. பிற்பாதியிலே புறா விடப்படும்போது ‘இன்னும் ஏழு நாள்’ என 8:10 கூறுவதால், அதற்கு முன்னரும் ஓர் ஏழு நாட் காத்திருப்பு இருந்ததாகக் கொள்ளவேண்டும். அதனைக் கூட்டினால் அப்பக்கத்தில் ஏழுகள் மூன்றாகிவிடும். வேண்டியவற்றை எடுத்து வேண்டாதவற்றை விட்டபின் எஞ்சுவது ஒழுங்காக இருப்பதில் வியப்பென்ன?

இதனினும் அடிப்படையான குறையொன்று உண்டு. பேழைக்குள் நுழைதலும் பேழையை விட்டு வெளியேறுதலும், ஊற்றுகள் திறத்தலும் அடைபடலும், நீர் ஏறுதலும் வடிதலும் இருமருங்கும் இணைகளாகக் காட்டப்படுகின்றன. ஏறிய வெள்ளம் வடியாமல் கதை எவ்வாறு முடியும்? புகுந்தவர் வெளிவராமல் எவ்வாறு பிழைப்பர்? 1872இல் ஜோர்ஜ் சிமித் உலகறியச் செய்த மெசொப்பொத்தேமிய வெள்ளக் கதையிலும் தலைவன் கலம் அமைத்து, அதனுள் புகுந்து, புயலைக் கடந்து, பறவைகளை விட்டு, வெளியேறிப் பலியிடுகின்றான். சென்று மீளும் கதை எதுவாயினும் அதில் ஒருவகை எதிர்நிரல் தானே அமையும். நிகழ்ச்சியின் இயல்பால் விளைந்த ஒழுங்கையும் கலைஞன் வேண்டிச் செய்த ஒழுங்கையும் வேறுபடுத்தாத ஆய்வு எதையும் நிறுவியதாகாது.

அப்படியாயின் வெள்ளக் கதையிலே செய்யப்பட்ட ஒழுங்கே இல்லையா? உண்டு. மனித உள்ளத்தின் எண்ணம் தீயது என்ற மதிப்பீடு 6:5இல் வருகின்றது; அதுவே அழிவுக்குக் காரணம். வெள்ளம் வடிந்தபின் 8:21இல் அதே மதிப்பீடு அதே முதன்மைச் சொற்களோடு மீண்டும் வருகின்றது. இம்முறை அது இனி அழிப்பதில்லை என்ற தீர்மானத்தோடு சேர்ந்து நிற்கின்றது. இத்துணை நீரும் மனித உள்ளத்தைக் கழுவவில்லை. மாறியது இறைவனின் தீர்மானமே. ஒரே முற்கூற்று இருவேறு முடிவுகளைத் தாங்கும் இவ்விணை, நாட்கணக்குகளின் வரைபடத்தை விடக் கதையின் ஆழத்துக்கு எம்மை இட்டுச்செல்கின்றது.

4

எஸ்தர் கதையிலே குழப்பம் வேறு வகையானது. பகைவர் நினைத்தது தலைகீழானது என அந்நூலே 9:1இல் கூறுகின்றது. ஆமான் நாட்டிய தூக்குமரத்தில் ஆமானே தூக்கப்படுகிறான். இதனைக் கொண்டு நூல் முழுவதும் எதிர்நிரல் அமைப்புடையது என்பர். மூன்றாம் அதிகாரத்தையும் எட்டாம் அதிகாரத்தையும் ஒப்பிட்டு நோக்குக. முன்னதில் அரசனின் மோதிரம் ஆமானுக்குச் செல்கிறது, எழுத்தர் அழைக்கப்படுகின்றனர், அஞ்சற்காரர் விரைகின்றனர், சூசான் நகரம் கலங்குகின்றது. பின்னதில் மோதிரம் மொர்தெகாயிடம் செல்கிறது, எழுத்தர் அழைக்கப்படுகின்றனர், அஞ்சற்காரர் விரைகின்றனர், சூசான் நகரம் களிக்கின்றது. தலைகீழானது அவர்களின் நிலை; வரிசையோ பெரும்பாலும் அப்படியே இருக்கின்றது. ஆணை பிறந்த அதே வழியாக அடிக்கு அடி நடந்து மாற்றாணையும் பிறக்கின்றது என்பதே இங்குள்ள அங்கதம். பேரரசின் எந்திரம் அழிக்கவும் காக்கவும் ஒரே விதமாகச் சுழல்கின்றது. இதனை எதிர்நிரல் என்று பெயரிட்டு வரைபடத்தின் இருமருங்கும் தலைமாற்றி நிறுத்துவோர் அவ்வங்கதத்தை அழித்துவிடுகின்றனர். வாழ்வு தாழ்வாவதும் வரிசை தலைகீழாவதும் வெவ்வேறு என்ற எளிய உண்மை இவ்வாறு மறக்கப்படுகின்றது.

5

இனி ஆசிரியர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு வருவோம். அமைப்பு ஒன்று எனவே ஆசிரியர் ஒருவர் என்னும் முடிவு அவசரமானது. பழைய பாடங்களைத் தொகுத்தவர் கலையுணர்வற்றவர் என முன்கூட்டியே கருதுவோர்க்கே இம்முடிவு இயல்பாகத் தோன்றும். இருவேறு மூலங்களைப் பின்னிய தொகுப்பாளர், தாம் பின்னியதற்கு ஓர் ஒழுங்கை ஏன் தந்திருத்தல் கூடாது? மூல ஆய்வாளரின் பகுப்பின்படி மேற்காட்டிய 6:5, 8:21 என்னும் இணை முழுவதும் ஒரே மூலத்துக்குரியது. மையமெனக் கூறப்படும் 8:1 வேறொரு மூலத்துக்குரியது. ஆகவே மூலத்துக்குள்ளும் ஒழுங்கு இருக்கலாம்; தொகுப்பிலும் ஒழுங்கு இருக்கலாம்.

மேலும், மூல ஆய்வை எழுப்பிய முரண்பாடுகளை வரைபடம் தீர்ப்பதில்லை. விலங்குகள் இனத்துக்கு ஒரு சோடி என்கிறது 6:19. தூய விலங்குகளில் எவ்வேழு என்கிறது 7:2. இவ்விரண்டையும் ஒரே கட்டத்துக்குள் இட்டு ‘விலங்குகளைச் சேர்த்தல்’ எனத் தலைப்பிட்டால் முரண்பாடு கண்ணுக்கு மறையுமேயன்றி நீங்காது. வென்ஹம் முதலானோரின் வாதங்களை ஜோன் எமேற்றன் 1987, 1988ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நிரலாக ஆராய்ந்து, மூலப் பகுப்பை வீழ்த்த அவை போதா எனக் காட்டினார். அதன் பின்னரும் அவ்வரைபடம் பாடநூலுக்குப் பாடநூல் பெயர்த்தெழுதப்படுவது ஆய்வுலகின் நினைவாற்றலைப் பற்றி நல்லெண்ணம் தருவதன்று.

6

யாக்கோபு கதைத்தொடரிலே அமைப்பின் பெருமையும் அதன் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. தமையனை ஏமாற்றிவிட்டு யாக்கோபு ஊரைவிட்டு ஓடும்போது சூரியன் மறைகின்றது (28:11); இருபது ஆண்டுகளின் பின் மீண்டு வந்து, இரவெல்லாம் மற்போர் செய்து நொண்டி நடக்கும்போது சூரியன் உதிக்கின்றது. போகும்போது ஓர் இடத்தை எதிர்ப்பட்டான் எனவும், வரும்போது தூதர் அவனை எதிர்ப்பட்டனர் எனவும் ஒரே வினைச்சொல் ஆளப்படுகின்றது. தன் ஆசியைத் தம்பி எடுத்துக்கொண்டான் என ஏசா கதறினான். இறுதியிலே யாக்கோபு ஏசாவிடம் தன் கொடையை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டும்போது (33:11), எபிரேய மூலம் அதே ‘எடுத்தல்’ என்னும் வினையையும் அதே ‘ஆசி’ என்னும் பெயரையும் ஆள்கின்றது. கவர்ந்தது திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. இவ்வாறான சொற்சான்றுகள் பிஷ்பேனின் ஆய்வுக்கு வலிமை தருகின்றன.

ஆயின் அதே வரைபடம் 26ஆம், 34ஆம் அதிகாரங்களை அயலாருடனான பிணக்கும் உடன்படிக்கையும் என்ற வகையிலே இணையாக்குகின்றது. முன்னதில் ஈசாக்கும் அபிமெலேக்கும் விருந்துண்டு, ஆணையிட்டு, சமாதானமாய்ப் பிரிகின்றனர். பின்னதிலே தீனாள் கெடுக்கப்படுகிறாள். உடன்படிக்கை என்ற பெயரில் வஞ்சகம் செய்யப்பட்டு, ஒரு நகரத்து ஆண்கள் வெட்டி வீழ்த்தப்படுகின்றனர். தீனாள் ஒரு சொல்லேனும் பேசுவதாகக் கதை கூறவில்லை. இவ்விரண்டையும் ஒரே தலைப்பினால் சமன்செய்வது, அம்மௌனத்தின்மீது மற்றுமொரு மௌனத்தைப் போர்த்துவதாகும்.

வரைபடம் காணாத வேறு இடங்களும் உள. சில நாட்கள் தங்கியிரு, நானே ஆளனுப்பி உன்னை அழைப்பேன் என்று மகனை வழியனுப்பிய ரெபெக்காள் (27:44–45) பின்னர் கதையில் தோன்றுவதேயில்லை. அந்தச் ‘சில நாட்கள்’ என்ற தொடர், ராகேலுக்காக யாக்கோபு உழைத்த ஏழாண்டுகளைக் குறிக்க 29:20இல் மீண்டும் வருகின்றது. அழைப்பு மட்டும் வருவதில்லை. அவன் மீண்டபோது ரெபெக்காளின் தாதி இறந்ததைக் கூறும் கதை (35:8), ரெபெக்காளின் இறப்பைக் கூறவில்லை. அவள் அடக்கம் செய்யப்பட்ட இடம் மட்டும் நெடுநாட்களின் பின் 49:31இல் சுட்டப்படுகின்றது. அவ்வாறே, சேயீருக்கு வருவேன் என ஏசாவிடம் கூறிய யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். தழுவி அழுத சகோதரர் ஒன்றாய் வாழவில்லை. இழந்தவை யாவும் திரும்பக் கிடைப்பதில்லை என்பதைக் கதைஞன் உடைந்த இணைகளால் உணர்த்துகிறான். முழுமையான பிம்பத்தையே தேடும் கண்ணுக்கு இவை தென்படா.

7

தமிழ் மாணவருக்கு இதில் தனியான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நாம் இக்கதைகளை மொழிபெயர்ப்பிலேயே கற்கின்றோம். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பாயினும், வேறெந்தத் தமிழாக்கமாயினும், வினைமுற்று ஈற்றில் நிற்பது எமது மொழியின் இயல்பு. வினைச்சொல்லில் தொடங்கி வினைச்சொல்லில் முடியும் 9:6இன் எபிரேயச் சொல்வரிசையைத் தமிழ் தன் இயல்பு கெடாமல் தாங்காது. ‘ஆசி’யைக் காணிக்கை என்றோ பரிசு என்றோ பெயர்த்துவிட்டால் யாக்கோபும் ஏசாவும் சந்திக்கும் காட்சியின் உயிர்நாடி மறைந்துவிடும். ஆக, மெய்யான இணைகள் மொழிபெயர்ப்பிலே மறைகின்றன. தலைப்புகளால் ஆன போலி இணைகளோ எம்மொழியிலும் அழியாது நிலைக்கின்றன. வரைபடங்கள் கவர்ச்சியாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூலமொழியைக் கல்லாமலே மூலத்தின் இரகசியத்தை அறிந்துவிட்ட நிறைவை அவை தருகின்றன. அவற்றுட் சில, 13ஆம் நூற்றாண்டில் இடப்பட்ட அதிகாரப் பிரிவுகளையே பண்டைக் கதைஞரின் அலகுகளாகக் கொள்வதையும் காணலாம்.

ஆகவே இத்தகைய வரைபடம் எதிர்ப்படும்போது சில வினாக்களைக் கேட்கப் பழகவேண்டும். இணைகளாகக் காட்டப்படுபவை நூலின் சொற்களா, ஆய்வாளரின் தலைப்புகளா? அச்சொற்கள் அருகி வழங்குவனவா, எப்பக்கத்திலும் காணப்படுவனவா? வரிசை உண்மையிலே தலைகீழாகின்றதா? விடப்பட்டவை யாவை? நிகழ்ச்சியின் இயல்பினாலேயே இவ்வொழுங்கு விளையாதா? சகரியா நூலின் அமைப்பை ஆராய்ந்து 1992இல் மைக் பற்றர்வேர்த் வெளியிட்ட நூல், இத்தகைய கட்டுப்பாடுகளின்றிச் செய்யப்படும் அமைப்பாய்வு எத்துணை எளிதில் வழிதவறும் என்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. அவ்வெச்சரிக்கை போதிய அளவு செவிமடுக்கப்படவில்லை.

இவ்வினாக்களுக்கு ஈடுகொடுக்கும் அமைப்புகள் சிலவே எஞ்சும். அவை எஞ்சுவது போதும். ஆறு சொற்களில் நீதியை நிறுத்திக் காட்டிய ஒருவரையும், ஒரு நகரத்தின் வீழ்ச்சியை மூன்று மெய்யெழுத்துகளில் ஒலிக்கச் செய்த ஒருவரையும், மகனை அழைக்க ஆளனுப்பாமலே மறைந்த தாயைப் பற்றி ஒன்றும் கூறாமல் விட்ட ஒருவரையும் அவ்வெழுத்துகளிலே நாம் சந்திக்கின்றோம். அவர்கள் ஒருவரா பலரா என்ற வினா திறந்தே இருக்கட்டும். அதற்குரிய சான்றுகளைக் கொண்டு அது ஆராயப்படட்டும். அவர்கள் எழுதியவற்றை அவர்கள் எழுதிய வரிசையிலேயே, விட்ட இடைவெளிகளோடு படிப்பது அதற்கு முன் செய்யவேண்டிய பணியாகும்.